குழாய்க்குள் படிந்த ஏழு வெடிப்புகள்

எரிமலைத் தீவு ஒன்றின் வரலாற்றைக் கடலடிச் சாம்பல் அடுக்குகளிலிருந்து எப்படிப் படித்தெடுக்கிறார்கள் என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, மூன்றாவது குழாயில்தான் முடிவுக்கு வந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஐந்தடியில் (முன்நடையில்) ஆளுயரக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதற்குள் உப்புநீர் ஊற்றி, சேறும் சாம்பலுமாக ஏழு வெடிப்புகளைப் படியவிட்டேன். பிறகு அதில் சிறு குழாயைச் செருகி மண்தண்டு எடுத்து, எத்தனை வெடிப்புகள் நிகழ்ந்தன என்று அறியாத இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தவர்கள் என் தம்பி மகளும் அவளுடைய தோழியும். இருவரும் நான்காம் படிவத்தில் படிக்கிறார்கள். நான் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நிறுப்பது, சலிப்பது, உலர்த்துவது ஆகியவைதாம் எனக்குத் தெரிந்த தொழில்.

தூண்டுதல் லெங்கோங்கிலிருந்து வந்தது. கோலாகங்சாரிலிருந்து கிரிக் செல்லும் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், சுமத்திராவின் டோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் இன்றும் இருக்கிறது. அந்த வெடிப்பின் காலத்தைத் துல்லியமாகக் கணிக்க 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் படிகங்களே லெங்கோங் சாம்பலிலிருந்துதான் எடுக்கப்பட்டன. பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றபோது, "இந்தச் சாம்பல் தரையில் இவ்வளவு நாள் எப்படி மிஞ்சியது, பெரியப்பா?" என்று தம்பி மகள் கேட்டாள். மிஞ்சியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர் மழைக்குத் தோட்டத்துச் செம்மண்ணே ஒரே பருவத்தில் ஆற்றில் இறங்கிவிடுகிறது. கடலடியில் மழை இல்லை, வேர் இல்லை, மண்வெட்டி இல்லை. டோபாவின் சாம்பல் வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் அடுக்காகவே கிடக்கிறது. லெங்கோங் பாதுகாக்கப்பட்ட மரபுத்தலம் என்பதால், அங்கிருந்து ஒரு சிட்டிகைகூட நாங்கள் எடுக்கவில்லை. எனவே சாம்பலை நானே தயாரிக்க வேண்டியதாயிற்று.

மாதிரியாக எடுத்துக்கொண்ட தீவு கரீபியக் கடலில் இருக்கும் மொன்செராட். நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11 கிலோமீட்டர். நம் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்து வைத்தால் அந்தப் பரப்பு வந்துவிடும். 1995 ஜூலை 18 அன்று தொடங்கிய வெடிப்பு தலைநகர் பிளிமத்தைச் சாம்பலில் புதைத்து, தீவின் தென்பாதியை மனிதர் வாழ முடியாததாக்கிவிட்டது. 2003 ஜூலை 12, 13 தேதிகளில் எரிமலை வாயில் குவிந்திருந்த பாறைக் குவிமாடம் சரிந்தபோது மட்டும் ஏறத்தாழ 20 கோடி கன மீட்டர் பாறையும் சாம்பலும் இறங்கின. அதில் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. 2012இன் தொடக்கத்தில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் அந்தத் தீவைச் சுற்றியும் மார்ட்டினிக் தீவுக்கு அருகிலும் கடலடியைத் துளைத்து, பல லட்சம் ஆண்டுகளின் படிவை மண்தண்டுகளாக எடுத்தது. தீவின் மேல் தேடினால் கடைசி வெடிப்பு முந்தையவற்றை மூடியிருக்கும். அதனால்தான் கடலுக்குப் போகிறார்கள்.

முதல் குழாய் 1.5 மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் குழாய், உள்விட்டம் 54 மில்லிமீட்டர், விலை 96 வெள்ளி (ரிங்கிட்). சேற்றுக்குச் சாயோங்கில் பானை செய்யும் ஒருவரிடமிருந்து 5 கிலோ களிமண்ணை 20 வெள்ளிக்கு வாங்கி, உலர்த்தி, இடித்துச் சலித்தேன். சாம்பலுக்கு நான் செய்தது, இப்போது எண்ணினால் சிரிப்பு வரும் காரியம். ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரும் ஓடும் எரிந்த சாம்பல் மலைபோல் கிடக்கிறதே என்று ஒரு வாளி வாங்கி வந்து ஊற்றினேன். கரித்தூள் மேலே மிதந்தது, மீதி கட்டிகட்டியாக இறங்கியது, நீர் தேயிலைச் சாயம்போல் ஆனது. எரிமலைச் சாம்பலில் எரிந்தது என்று எதுவும் இல்லை. பாறைக்குழம்பில் கரைந்திருந்த வாயு நுரைத்து வெடிக்கும்போது சிதறும் கண்ணாடித் தூளும் படிகத் தூளுமே அது. சாம்பல் என்ற பெயரை நம்பி நான் அடுப்புச் சாம்பலைத் தேடிப் போயிருந்தேன்.

அதே குழாயில் இன்னொரு தவறும் இருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றியிருந்ததால் களிமண் நான்கு நாளாகியும் தெளியவில்லை. பால் கலந்த தேநீர்போலவே நின்றது. ஐந்தாம் நாள் லிட்டருக்கு 35 கிராம் என்ற கடல்நீர்க் கணக்கில் 120 கிராம் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கலங்கலுக்குள் சிறு சிறு பஞ்சுத் திரள்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மறுநாள் காலையில் மேல் ஒரு மீட்டர் நீர் கண்ணாடிபோல் இருந்தது. ரப்பர்ப் பாலில் காடி ஊற்றித் திரியவைத்துப் பழகிய ஊர்க்காரனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தனித்தனியே மிதந்துகொண்டிருந்த களித்துகள்கள் உப்பில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு எடை கூடி இறங்கிவிடுகின்றன. ஆற்றுக் கலங்கல் கழிமுகத்தில் படிவதும் இப்படித்தான்.

இரண்டாவது முறை அதே அக்ரிலிக் குழாயைக் கழுவிவிட்டு, பூச்செடிக் கடையில் 12 வெள்ளிக்கு ஒரு பை நுரைக்கல் வாங்கினேன். அது உண்மையான எரிமலைக் கண்ணாடி. இரும்பு உரலில் நீர் தெளித்துத் தெளித்து இடித்து, ஆலையில் கழித்துப்போட்ட 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு) கண்ணுள்ள பித்தளைச் சல்லடையில் சலித்தேன். உலர்ந்த நிலையில் இடிக்கவே கூடாது. கண்ணாடித் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் முகக்கவசங்களுமாக 19 வெள்ளி ஆயிற்று. இந்த வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு அது ஒன்றுதான். குறுமணி அளவில் இருந்தவை நாள்கணக்கில் மிதந்தன. சல்லடை தாண்டிய மாவு மூழ்கியது. நுரையின் குமிழை விடத் துகள் சிறிதாகிவிட்டால் காற்றைச் சிறைப்படுத்த இடம் ஏது? நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கிப் பார்த்தால், உடைந்த குமிழ்ச் சுவர்கள் வளைந்த ஓடுகளாகவும் மூன்று கிளை பிரிந்த முட்களாகவும் தெரிகின்றன.

இந்தக் குழாயில்தான் நான் மணிக்கணக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். 45 மைக்ரான் கண்ணாடித் துகள் ஒன்று தனியாக இறங்கினால் ஒரு மீட்டருக்கு ஒன்பது நிமிடம் ஆகும் என்று கணக்கு சொல்கிறது. தேநீர் வடிகட்டி வழியே 7 கிராம் தூளை நீர்ப்பரப்பில் தூவினேன். ஓரிரு விநாடி மேற்பரப்பிலேயே வெண்படலமாக நின்றது. பிறகு படலத்தின் அடியிலிருந்து விரல்கள் முளைப்பதுபோல் வெண்புகை இறங்கி, ஒவ்வொரு விரலும் நுனியில் காளான்போல் விரிந்து, அரை நிமிடத்தில் அடியைத் தொட்டுவிட்டது. துகள்கள் கூட்டமாகச் சேர்ந்து தம்மைச் சுற்றியுள்ள நீரையும் கனமாக்கி மொத்தமாக விழுகின்றன. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்தபோது, தென்சீனக் கடலில் விழும் துகள்களைப் பிடிக்க ஏற்கனவே தொங்கவிடப்பட்டிருந்த படிவுப் பொறிகளில் சாம்பல் கணக்குக்கு ஒவ்வாத வேகத்தில் வந்து சேர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 10 மைக்ரான் துகள் தனியாக இறங்கினால் 4,000 மீட்டர் ஆழத்தை அடைய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கோ கொண்டுபோயிருக்கும், அடுக்கு என்று ஒன்று உருவாகியிராது.

ஆனால் இரண்டாவது குழாயும் தோற்றது. களி படிந்த மறுநாளே 22 கிராம் சாம்பலைத் தூவினேன். அந்தக் குழாயில் 22 கிராம் ஒரு சென்டிமீட்டர் அடுக்காக வர வேண்டும். சேறு இன்னும் கஞ்சிப் பதத்தில் இருந்ததால் சாம்பல் அதன்மேல் நிற்காமல் சொட்டுச் சொட்டாக உள்ளே புதைந்து, அடுத்த அடுக்கையும் கலக்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு களி அடுக்கையும் குறைந்தது மூன்று நாள் இறுகவிட்டேன். இரண்டு சென்டிமீட்டராகப் படிந்தது ஒரு வாரத்தில் 1.3 சென்டிமீட்டராகச் சுருங்கியதைக் குழாயின் வெளியே கோடு போட்டுக் குறித்திருக்கிறேன். தோற்ற குழாயை மண்தண்டு எடுக்கும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டேன். வெறும் குழாயைச் செருகியதில் 40 சென்டிமீட்டர் படிவிலிருந்து 24 சென்டிமீட்டர்தான் உள்ளே ஏறியது. மீதிச் சேற்றைக் குழாயின் வாய் பக்கவாட்டில் தள்ளிவிட்டிருந்தது. எடுத்த தண்டை வெட்டுவதற்காகப் பனிப்பெட்டியில் உறையவைத்தது அடுத்த தவறு: பனி ஊசிகள் சேற்றைக் கிழித்து அடுக்குகளைச் சிதைத்துவிட்டன. "மீன் வைக்கிற இடத்தில் மண்ணை வைத்தால் இப்படித்தான்" என்று வீட்டில் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது குழாய், வெளியிலிருந்து யாரும் பார்த்து எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, நான்கு அங்குலச் சாக்கடைப் பிவிசி குழாய். 28 வெள்ளி, மூடி 6 வெள்ளி. இதில் ஒரு சென்டிமீட்டர் சாம்பலுக்கு 75 கிராம் வேண்டும். உண்மையான ஆய்வில் ஒவ்வொரு வெடிப்பின் கண்ணாடித் துணுக்குக்கும் வேதி அமைப்பு சற்று மாறுபடும். அதைக் கொண்டே எது எந்த வெடிப்பு என்று அடையாளம் காண்கிறார்கள். அதற்குப் பதிலாகத் தவிட்டு நிற, பச்சை நிறப் போத்தல்களை இடித்து, ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலிலும் வெவ்வேறு விழுக்காட்டில் கலந்து, கணக்கை ஒரு தாளில் எழுதிப் பூட்டி வைத்தேன். ஒரு சென்டிமீட்டர் சேறு ஆயிரம் ஆண்டு என்பது நாங்களே வகுத்துக்கொண்ட கடிகாரம்.

சூழ்ச்சிகளும் வைத்தேன். அடியிலிருந்து எண்ணினால் மூன்றாம், நான்காம் வெடிப்புகளுக்கு இடையே ஒரே ஒரு மாலைப் பொழுதுதான் இடைவெளி. ஐந்தாவதுக்குப் பிறகு, பழைய சாம்பல்கள் இரண்டையும் களியையும் கலக்கி மொத்தமாக ஊற்றினேன். இது தீவின் சரிவு ஒன்று வெடிப்பே இல்லாமல் கடலுக்குள் வழுக்கி விழுந்ததற்கான வேடம். ஆறாவது வெடிப்புக்கு 15 கிராம்தான், அதாவது இரண்டு மில்லிமீட்டர். அதன்மேல் சேறு படிந்ததும் தென்னை ஈர்க்கால் புழு குடைவதுபோல் கிண்டிவிட்டேன். எல்லாம் படிந்து முடிய ஐந்து வாரம். மொத்தப் படிவு 52 சென்டிமீட்டர்.

தண்டெடுக்கும் குழாய்க்கு 30 மில்லிமீட்டர் உள்விட்டப் பிவிசி. அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒட்டுநாடாவால் மீண்டும் சேர்த்துக்கொண்டேன். உள்ளே பழைய சைக்கிள் பம்பின் தோல் வாசரில் செய்த உந்துதட்டு. அதைக் கயிற்றால் படிவின் மேற்பரப்பிலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் கீழே இறக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் சேற்றைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்வீடனின் பொர்யே குல்லன்பெர்க் 1940களில் கடலுக்காக உருவாக்கியது இந்த முறைதான். 1947இல் புறப்பட்ட ஆல்பட்ராஸ் கப்பல் அதைக் கொண்டு நீளமான தண்டுகளை எடுத்தது. நான் இறக்கும்போது பாதியில் கை வழுக்க, பிடியை மாற்றுவதற்காகக் குழாயைச் சற்றுத் தூக்கி மீண்டும் அழுத்தினேன். வெளியே எடுத்து அளந்தால் 54 சென்டிமீட்டர். 24 எங்கே, 54 எங்கே என்று மகிழ்ந்தேனே தவிர, 52 சென்டிமீட்டர் சேற்றிலிருந்து 54 சென்டிமீட்டர் தண்டு எப்படி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஒட்டுநாடாவைப் பிரித்து, தூண்டில் நைலான் நரம்பை நடுவே இழுத்துத் தண்டை இரு பாதியாக்கினோம். ஒரு பாதியை ஈரத்துணியும் நெகிழித்தாளும் சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபாதியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நரம்பு பூசிய சேற்றைக் கத்திமுனையால் குறுக்காக வழித்ததும், தவிட்டுச் சேற்றில் வெளிர்ச் சாம்பல் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அரை மணி நேரம் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பி மகள், "பெரியப்பா, ஏழு. சரிதானே?" என்றாள்.

ஏழுதான். நான் கைதட்டிவிட்டேன். பிறகு பூட்டிய தாளை எடுத்து ஆழத்தை ஆழத்தோடு ஒப்பிட்டபோது, இரண்டாவது வரியிலேயே எனக்கு வியர்த்தது. ஆறாவது வெடிப்பை அவர்கள் பார்க்கவே இல்லை. ஈர்க்கு அதைச் சேற்றோடு கரைத்துவிட்டிருந்தது. மூன்றையும் நான்கையும் ஒன்றாக எண்ணியிருந்தார்கள். ஆக, கண்ணில் பட்ட வெடிப்புகள் ஐந்துதான். சரிவுப் படிவை ஒரு வெடிப்பு என்று எண்ணியதில் ஆறு. ஏழாவது எது? அடிப்பக்கத்தில் இரண்டாவது வெடிப்பின் அடுக்கு இரண்டு முறை இருந்தது. நான் குழாயைத் தூக்கி மீண்டும் அழுத்தியபோது பள்ளத்துக்குள் சரிந்த அதே சாம்பலும் சேறும் மறுபடி குழாயில் ஏறியிருக்கின்றன. அந்தக் கூடுதல் இரண்டு சென்டிமீட்டர் அதுதான். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது கடலிலும் இந்த இரட்டை நுழைவு நேர்வதுண்டு. இரண்டு தொலைந்து இரண்டு சேர்ந்து எண்ணிக்கை சரியாகிவிட்டது. குறிப்புத்தாள் மட்டும் இல்லாதிருந்தால் முழு வெற்றி என்று எழுதியிருப்பேன்.

மறுநாள் வேறு வகையில் தொடங்கினோம். அதே பெரிய குழாயிலிருந்து, முதல் துளைக்கு எதிர்ப்புறத்தில், இம்முறை ஒரே மூச்சில் அழுத்தி இரண்டாவது தண்டு எடுத்தேன், 50 சென்டிமீட்டர். கப்பல்களிலும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாகப் பல துளைகள் போட்டு ஒப்பிடுவது இதற்காகத்தான். அதில் இரட்டை அடுக்கு இல்லை. பிள்ளைகள் அதை நீக்கிவிட்டார்கள். பிறகு இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு பல்குத்தி நுனி அளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒவ்வொன்றிலும் 200 துகள்களை எண்ணினார்கள். சேர்ந்திருந்த அடுக்கின் கீழ்ப்பாதியில் பச்சைத் துகளும் மேல்பாதியில் தவிட்டுத் துகளும் இருந்ததால் அது இரண்டாகப் பிரிந்தது. சரிவுப் படிவில் இரு நிறமும் களியும் கலந்து கிடந்தன. தோழிதான், "இது பழசெல்லாம் சேர்ந்து விழுந்தது, ஐயா" என்று சொன்னாள். வெறும் சேறு என்று தோன்றிய பகுதியில் தவிட்டுத் துகள்கள் திடீரென்று கூடின. அதுதான் தொலைந்த ஆறாவது. கண்ணுக்குத் தெரியாத இத்தகைய சாம்பலை நுண்ணோக்கியில் தேடுவதே இன்று தனித்துறையாக வளர்ந்திருக்கிறது.

இந்த நிற அடையாளத்தில் ஒரு ஏமாற்று இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். என் போத்தல்கள் தெளிவாக வேறுபட்டன. எரிமலைகள் அப்படி உதவுவதில்லை. டோபாவே 74,000 ஆண்டுகளுக்கு முன்பும், ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் பெரிதாக வெடித்திருக்கிறது. அந்தச் சாம்பல்களின் கண்ணாடி ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால், இந்தியாவில் கிடைத்த டோபா சாம்பல் எந்த வெடிப்பைச் சேர்ந்தது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது.

காலக்கணக்கிலும் ஒரு முறை இடறினோம். பிள்ளைகள் மேலிருந்து ஆழத்தை அப்படியே ஆண்டாக மாற்றியதில், ஒரு நாளில் விழுந்த சாம்பலுக்கும் ஒரு நிமிடத்தில் சரிந்த மூன்று சென்டிமீட்டர் படிவுக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்துவிட்டன. அவற்றின் தடிமனை முதலில் கழித்துவிட்டு, சேற்றை மட்டும் கூட்ட வேண்டும். கழித்தபின் 44 சென்டிமீட்டர் மிஞ்சியது. அடிச்சேறு மேற்சேற்றைவிட இறுகியிருந்ததால் முதல் வெடிப்பின் காலம் இன்னும் இளமையாகவே வருகிறது, அதைத் திருத்த எங்களிடம் வழியில்லை.

மூன்று குழாய்களுக்கும் சேர்த்துச் செலவு 211 வெள்ளி. மீண்டும் தொடங்கினால் அக்ரிலிக் குழாயை அரை மீட்டராகக் குறைப்பேன். விரல்கள் இறங்குவதைப் பார்க்க அது போதும். குழாயை இறக்க இரு பக்கமும் கைப்பிடி வைத்த பட்டை ஒன்றை முதலிலேயே பொருத்துவேன். உள்ளே ஏறிய நீளத்தையும் குழாய் இறங்கிய ஆழத்தையும் தண்டை வெட்டுவதற்கு முன்பே எழுதிவைப்பேன்.

நான்காவது குழாய் இப்போது ஐந்தடியின் மூலையில் நிற்கிறது. அதைப் பிள்ளைகள் இருவரும் சனிக்கிழமைதோறும் வந்து நிரப்புகிறார்கள்; அந்த நேரத்தில் என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குறிப்புத்தாள் தோழியின் வீட்டில் இருக்கிறது. தண்டெடுக்க வேண்டியது நான், படிக்க வேண்டியதும் நான்.